19,000 டாலர் படத்தை நான்கு தடவை பார்த்துவிட்டேன், ஏனென்று யாராவது சொல்லுங்கள்

நள்ளிரவு ரீல் எழுதியது:

வணக்கம். பழைய பேய்ப்படம், ரத்தப்படம் எல்லாம் தேடிப் பார்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். ‘மனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்’ என்று 1966இல் வந்த அமெரிக்கப் படம். டெக்சாஸில் எல் பாசோ என்ற ஊரில் உரம் விற்றுக்கொண்டிருந்த ஹெரால்ட் வாரன் என்பவர் தானே எழுதி, தானே இயக்கி, தானே கதாநாயகனாகவும் நடித்து, சுமார் 19,000 டாலரில் முடித்த படம். உலகத்தின் மோசமான படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இதற்கு ஓர் இடம் உண்டு. நான் போன மாதத்திலிருந்து நான்கு தடவை பார்த்துவிட்டேன்.

நல்ல படம் என்று சொல்ல வரவில்லை. ஒரு குடும்பம் காரில் வழி தவறிப் பாலைவனத்தில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது, அங்கே டோர்கோ என்று ஒரு காவல்காரன், அவனுக்கு மேலே ‘மாஸ்டர்’ என்று ஒருவன், அவனுக்குப் பல மனைவிகள். அவ்வளவுதான் கதை. ஆரம்பத்தில் கார் போய்க்கொண்டே இருக்கும், சாலை, வயல், மறுபடி சாலை. பெயர் போடுவதற்காக எடுத்த காட்சியாம், கடைசியில் பெயர் போடாமலே விட்டுவிட்டார்கள். முக்கால்வாசிப் பேர் அங்கேயே எழுந்து போய்விடுவார்கள். ஆனால் மாஸ்டர் இரண்டு கையையும் விரிக்கும்போது அந்தக் கறுப்பு அங்கி முழுவதும் இரண்டு பெரிய சிவப்புக் கைகளாக விரிகிறதே, அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்த்துப் போகிறது. அங்கிக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? கொஞ்சம் துணி, கொஞ்சம் நூல்.

1993இல் ‘மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் படம் முழுக்கக் கேலி பேசிக்கொண்டே இதை ஒளிபரப்பினார்கள், அதற்கப்புறம்தான் இப்படி ஒரு படம் இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. என் தம்பி அந்தக் கேலிப் பதிப்பைப் போட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரி, இந்த வகையில் வேறு ஏதாவது பார்ப்போம் என்று 1963இல் வந்த ‘பிளட் ஃபீஸ்ட்’ போட்டேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ரத்தத்துக்குப் பயந்து இல்லை, அந்த ரத்தம் பெயின்ட் மாதிரிதான் இருக்கிறது. வேறு ஏதோ ஒன்று குமட்டியது.

இரண்டும் அற்பக் காசில் எடுத்த படம். இரண்டிலும் யாருக்கும் நடிக்க வரவில்லை. ஒன்று என்னை இழுக்கிறது, ஒன்று தள்ளுகிறது. இதற்கு என்ன காரணம்? இந்தப் படங்களில் நமக்குப் பிடிப்பது உண்மையில் எது?


கத்தரி எழுதியது:

ரீல் தம்பி, நான் இருபது வருடமாக எடிட்டிங்கில் இருப்பவன், அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். நீங்கள் ‘மனோஸ்’ படத்தில் கதையைப் பார்க்கவில்லை, அதை எடுத்தவர்கள் பட்ட பாட்டைப் பார்க்கிறீர்கள்.

அந்தக் கேமரா, சாவி கொடுத்து ஓட்டுகிற 16 எம்எம் பெல் அண்ட் ஹவல். ஒரு தடவை சாவி கொடுத்தால் 32 விநாடிதான் ஓடும், அதற்கு மேல் எந்த ஷாட்டும் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள், ஒவ்வொரு ஷாட்டும் மூச்சு முட்டி முட்டி ஓடுவது புரியும். ஒரு இடத்தில் கிளாப் போர்டே ஃபிரேமுக்குள் தெரியும், வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். ராத்திரிக் காட்சிகளில் விளக்கைச் சுற்றி அந்துப்பூச்சி ஆடும். துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் போலீஸ்காரர்கள் இறங்கி, இரண்டு எட்டு வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்களே, அதற்குக் காரணம் விளக்கு வெளிச்சம் அந்த இரண்டு எட்டுக்கு அப்பால் எட்டவில்லை. எடுக்கும்போது ஒலி பதிவு செய்யவே இல்லை, பிறகு ஒரு சில பேர் மட்டும் உட்கார்ந்து எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுத்தார்கள்.

நாங்கள் 2009இல் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு குறும்படம் எடுத்தோம், மூன்று ராத்திரி. கல்யாண வீட்டுக்குக் கொடுக்கிற ஹாலஜன் விளக்கு இரண்டு வாடகைக்குப் பிடித்திருந்தோம். இரண்டாம் நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது, விளக்கைப் போட்ட ஐந்தாவது நிமிடம் ஈசல் மொய்க்க ஆரம்பித்துவிட்டது. வசனம் பேசிக்கொண்டிருந்த பையன் வாய்க்குள்ளேயே ஒன்று போய்விட்டது, அவன் அதையும் விழுங்கிவிட்டு மீதி வசனத்தைச் சொல்லி முடித்தான், ஏனென்றால் விடிந்தால் விளக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த ஈசலை எடுக்க எடிட்டிங்கில் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். முடியவில்லை, வேறு டேக் இல்லை. அதனால் ‘மனோஸ்’ படத்தில் அந்துப்பூச்சியைப் பார்க்கும்போது எனக்கு அது குறையாகத் தெரிவதில்லை, அந்த ஆள் எத்தனை மணிக்கு, எந்த நிலையில் நின்றிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. காசு இருக்கிற படத்தில் இந்தத் தடயம் எல்லாம் அழிக்கப்பட்டுவிடும். இதில் எல்லாம் அப்படியே கிடக்கிறது.

அந்த அங்கியைப் பற்றிக் கேட்டீர்கள். மாஸ்டராக நடித்த டாம் நேமன் ஓர் ஓவியர், படத்தில் வரும் ஓவியம், கை வடிவச் சிற்பங்கள் எல்லாம் அவர் கைவேலை. துணிமணி தைத்தது அவர் மனைவி. சின்னப் பெண்ணாக நடித்தது அவர்கள் மகள் ஜாக்கி, மாஸ்டரின் நாய் அவர்கள் வீட்டு நாய். ஒரு வீடே சேர்ந்து செய்த வேலை அது. நீங்கள் சிலிர்த்தது சரியான இடத்தில்தான்.


செண்பகம் எழுதியது:

கத்தரி அண்ணா சொன்னதை நான் மறுக்கவில்லை, ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். பாடு பட்டார்கள், சரி. யாருடைய பாட்டில் காசு மிச்சமானது என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தப் படத்தில் நடித்தவர்களுக்கும் வேலை செய்தவர்களுக்கும் சம்பளம் கிடையாது, லாபத்தில் பங்கு என்று சொன்னார்கள், லாபம் வரவே இல்லை. கைக்கு ஏதாவது கிடைத்தது ஜாக்கிக்கும் அந்த நாய்க்கும் மட்டும்தான்: அவளுக்கு ஒரு சைக்கிள், நாய்க்கு ஒரு மூட்டைத் தீனி. 1966 நவம்பரில் எல் பாசோவின் காப்ரி தியேட்டரில் முதல் காட்சி போட்டபோது, திரையில் தன் வாயிலிருந்து யாரோ ஒரு பெரிய பெண்ணின் குரல் வருவதைக் கேட்டு அந்தக் குழந்தை அழுதுவிட்டது. நம் ஊர்ப் படங்களிலும் குழந்தைகளுக்குப் பெரியவர்கள் டப்பிங் பேசுவது காலங்காலமாக நடப்பதுதான், ஆனால் எந்தக் குழந்தையிடமாவது முன்கூட்டிச் சொல்லி வைப்பார்களா என்று நான் யோசித்ததே இல்லை, இந்தச் சம்பவத்தைப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

இன்னொன்று. படத்தின் முடிவு என்ன? அப்பா காவல்காரன் ஆகிறான், அம்மாவும் அந்தச் சின்னப் பெண்ணும் மாஸ்டரின் மனைவிகள் வரிசையில் படுத்திருக்கிறார்கள். குழந்தையும். டோர்கோவின் பெருத்த முழங்காலைப் பற்றிச் சிரித்துப் பேசுகிறவர்களில் நூற்றுக்கு ஒருவராவது இதைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை. படம் மோசமாக இருக்கிறது என்ற சிரிப்பில் அது அப்படியே கடந்து போய்விடுகிறது.

‘பிளட் ஃபீஸ்ட்’ உங்களுக்கு ஏன் குமட்டியது என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு பெண்ணின் நாக்கைப் பிடுங்குகிற காட்சி வரும். அது ஆட்டு நாக்கு. வாங்கி வைத்தது கெட்டுப்போய் நாற்றமடித்ததால் தரை துடைக்கிற பைன்-சால் திரவத்தை ஊற்றி நாற்றத்தை அடக்கினார்கள் என்று படமெடுத்தவர்களே பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். கேட்கிறவர்கள் எல்லோரும் ரசித்துக் கேட்கிற கதை இது. அதை வாயில் வைத்துக்கொண்டு நடிக்க வேண்டியிருந்தவள் ஒரு பெண். படம் முழுக்கவே அப்படித்தான், பெண்கள் வருவதே வெட்டுப்படுவதற்கு, அந்த உடம்புக்கு மேல் அவர்களுக்கு ஒரு குணமோ பேச்சோ கொடுக்கப்படவில்லை. ‘மனோஸ்’ எடுத்தவருக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது, சொல்லத் தெரியவில்லை. இவர்களுக்குக் காட்ட ஒரு சரக்கு இருந்தது, அவ்வளவுதான்.

இதைவிடக் கேவலமான ஒன்று சொல்கிறேன். 1971இல் மைக்கேல், ராபர்ட்டா ஃபின்ட்லே என்ற தம்பதி அர்ஜென்டினாவில் ‘ஸ்லாட்டர்’ என்று ஒரு மலிவுப் படம் எடுத்தார்கள். அது விலை போகாமல் கிடந்தது. ஆலன் ஷாக்கிள்டன் என்ற விநியோகஸ்தர் அதன் கடைசியில், படப்பிடிப்புக் குழுவே ஒரு பெண்ணை நிஜமாக வெட்டிக் கொல்வது போலச் சில நிமிடம் தனியாக எடுத்து ஒட்டி, நடித்தவர்கள் பெயர் எதையும் போடாமல், ‘ஸ்னஃப்’ என்று பெயர் மாற்றி 1976இல் நியூயார்க்கில் ஓட்டினார். தென் அமெரிக்காவில் எடுத்தது, அங்கே உயிர் மலிவு என்று போஸ்டரில் போட்டார். பெண்கள் தியேட்டர் வாசலில் திரண்டு மறியல் செய்தார்கள். அரசு வழக்கறிஞர் விசாரித்து, அந்த நடிகையைத் தேடிப் பிடித்து, அவர் உயிரோடு இருக்கிறார் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. மறியல் நடக்க நடக்கக் கூட்டமும் கூடியது.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஒட்டு வேலை புதிது இல்லை. காலைக் காட்சிக்கு ஓடிய பழைய படங்களில் நடுவில் ‘பிட்டு’ சேர்த்து ஓட்டுவார்களே, அதே வேலைதான். படத்தில் நடித்த பெண் வேறு, பிட்டில் இருப்பவள் வேறு, ஆனால் ஊர் முழுக்கப் பெயர் கெட்டது படத்தில் நடித்தவளுக்கு. மலிவுப் படத்தை நேசிக்கிறேன் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.


டூரிங் டாக்கீஸ் எழுதியது:

செண்பகம் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். எனக்குச் சேர்க்க இருப்பது, இந்தப் படங்கள் ஏன் இப்படி வந்தன என்ற வியாபாரக் கதை.

‘பிளட் ஃபீஸ்ட்’ எடுத்த ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் சினிமாக்காரராக ஆரம்பித்தவர் இல்லை. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்திவிட்டு, சிகாகோவில் விளம்பரத் தொழிலுக்கு வந்தவர். அவரும் டேவிட் ஃப்ரீட்மன் என்ற தயாரிப்பாளரும் முதலில் அரை நிர்வாணப் படங்கள் எடுத்தார்கள். அந்தச் சந்தையில் போட்டி அதிகமானதும், பெரிய ஸ்டுடியோக்கள் எதைத் தொடவே மாட்டார்கள் என்று உட்கார்ந்து யோசித்து, ரத்தம் என்று முடிவு செய்தார்கள். மயாமியில் அவர்கள் தங்கிய சூயஸ் மோட்டல் வாசலில் எகிப்து ஸ்ஃபிங்க்ஸ் சிலை ஒன்று நின்றது, அதனால் வில்லன் எகிப்துக்காரன் ஆகிவிட்டான். 24,500 டாலர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமான படம். இயக்கம், ஒளிப்பதிவு, இசை மூன்றும் லூயிஸ்தான்.

ஓடியது காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற டிரைவ்-இன் தியேட்டர்களில். சென்னைக்காரர்களுக்கு ஈசிஆர் பிரார்த்தனா ஞாபகம் இருக்கும், அது மாதிரி 1950களின் கடைசியில் அமெரிக்காவில் நான்காயிரத்துக்கு மேல் இருந்தன. அத்தனை திரைக்கும் ராத்திரிக்கு இரண்டு படம் வேண்டும், பெரிய கம்பெனிப் படத்துக்கு வாடகை அதிகம். அந்தப் பள்ளத்தை நிரப்ப வந்த சரக்குதான் இது. நம் ஊரில் ஏரியா வாரியாக விற்பது போலவே மாநிலம் மாநிலமாக விற்றார்கள். இந்த வகைப் படங்களுக்கு வழங்குகிற எக்ஸ்பிளாய்டேஷன் என்ற பெயரே விளம்பரத் தொழிலிலிருந்து வந்ததுதான், படத்தில் பெரிய நடிகர் இல்லாதபோது ஒரு பரபரப்பான விஷயத்தைப் பிடித்துக்கொண்டு கூவி விற்பது. ஃப்ரீட்மன் தியேட்டர் வாசலில் வாந்தி எடுக்கப் பை கொடுத்தார். சரசோட்டா ஊரில் தன் படத்துக்குத் தானே நீதிமன்றத் தடை வாங்கி அதையும் விளம்பரமாக்கினார்.

அதனால் என் கணக்கில் இந்த வகைப் படங்களின் முதல் பெரிய குறை, செண்பகம் சொன்ன கொடுமைக்கும் முன்னால், அலுப்பு. ரசிகர்கள் யாரும் இதை வெளியே சொல்வதில்லை. போஸ்டரிலும் டிரெய்லரிலும் இருக்கிற மூன்று நிமிடத்துக்காக மீதி ஒரு மணி நேரம் ஆட்கள் அறைக்குள் நுழைவார்கள், உட்காருவார்கள், போன் பேசுவார்கள், எழுந்து போவார்கள். டிக்கெட் காசு கைக்கு வந்துவிட்டால் படம் எப்படி இருந்தால் என்ன என்ற நினைப்பில் எடுத்தவை. லூயிஸே தன் படத்தை வால்ட் விட்மன் கவிதையோடு ஒப்பிட்டு, அது நன்றாக இல்லை, ஆனால் அந்த வகையில் முதல், அதனால் அதற்கு ஓர் இடம் உண்டு என்ற பொருளில் சொல்லிவந்தார். பின்னாளில் தபால் வழி விளம்பர எழுத்தில் பெரிய ஆசானாகி, 2016இல் காலமானார். அவர் கை உண்மையில் தேர்ந்திருந்தது அதில்தான்.

ஆனால் அதே டிரைவ்-இன் வழியாகத்தான் 1962இல் ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ படமும் வந்தது. கான்சாஸில் லாரன்ஸ் என்ற ஊரில் பள்ளிக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாடப்படம் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி, கலிஃபோர்னியாவிலிருந்து காரில் வீடு திரும்பும்போது சால்ட் லேக் ஏரிக்கரையில் பாழடைந்து நின்ற சால்ட்டேர் என்ற கேளிக்கை மண்டபத்தைப் பார்க்கிறார். அந்த மண்டபம் மனதைவிட்டுப் போகாமல் படமாகிவிட்டது. சுமார் 33,000 டாலர், மூன்று வாரம், கையளவு ஆட்கள். ஒரே ஒரு ஆர்கன் வாத்தியம்தான் படம் முழுக்க இசை. ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. காலியாகக் கிடக்கும் நடன மண்டபத்தில் வெள்ளை பூசிய முகங்கள் சுழன்று சுழன்று ஆடுவதைப் பார்த்துவிட்டு அன்று ராத்திரி நான் விளக்கை அணைக்கவே இல்லை. அந்த மனிதர் அதற்குப் பிறகு இன்னொரு முழுநீளப் படம் எடுக்கவில்லை. ரீல், நீங்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது இதுதான்.


ஹார்ட் டிஸ்க் எழுதியது:

எல்லோரும் பழைய அமெரிக்காவிலேயே நிற்கிறீர்கள். உகாண்டாவுக்கு வாருங்கள். கம்பாலாவில் வகாலிகா என்ற குடிசைப் பகுதியில் ஐசக் நப்வானா என்பவர், முன்பு செங்கல் அறுத்துப் பிழைத்தவர், 2010இல் ‘ஹூ கில்ட் கேப்டன் அலெக்ஸ்?’ என்று ஒரு சண்டைப் படம் எடுத்தார். 200 டாலருக்கும் குறைவு என்கிறார்கள். உதிரி பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிய கம்ப்யூட்டரில் எடிட்டிங், பழைய இரும்பில் பற்றவைத்த துப்பாக்கிகள், ஹெலிகாப்டர் முழுக்க கம்ப்யூட்டர் படம். அடுத்த படத்துக்கு டிஸ்க்கில் இடம் வேண்டும் என்று மூலப் பிரதியையே அழித்துவிட்டார். இன்று நாம் பார்ப்பது வீஜே எம்மி என்பவர் படம் நெடுக மேலே பேசிக்கொண்டே வருகிற பதிப்பு.

அவர் பேச்சைக் கேலி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வீடியோ கொட்டகைகளில் வெளிநாட்டுப் படம் போடும்போது ஒருவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்து, கூட்டத்தை உசுப்பிக்கொண்டே போவார், அந்த மரபு. படத்தின் பக்கம் நின்று பேசுகிறார். ரீலின் தம்பி பார்க்கிற பதிப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான், அங்கே பேசுகிறவர்கள் படத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செண்பகம் கேட்ட கேள்விக்கும் இங்கே பதில் மாதிரி ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் ரத்தத்துக்கு மாட்டு ரத்தத்தையே பயன்படுத்தினார்கள், செலவில்லாமல் கிடைத்தது. ஒரு நடிகருக்கு அதனால் நோய் வந்ததும் விட்டுவிட்டு உணவுக்குப் போடும் சாயத்துக்கு மாறினார்கள். டிவிடியை நடித்தவர்களே வீடு வீடாக, திருட்டுப் பிரதி வருவதற்குள் கொண்டுபோய் விற்று, விற்ற காசில் பாதியை அவர்களே வைத்துக்கொண்டார்கள். குறை இல்லையா என்றால் உண்டு, கதை என்று ஒன்று கையில் பிடிபடாது, பாதி நேரம் யார் யாரைச் சுடுகிறார்கள் என்றே தெரியாது. ஆனால் சுடப்பட்டு விழுகிற ஒவ்வொரு பையனும் அவ்வளவு ஆசையாக விழுகிறான், அதை வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.


நள்ளிரவு ரீல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கத்தரி அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி ஐந்தாவது தடவை ‘மனோஸ்’ போட்டேன், 32 விநாடியை எண்ணிக்கொண்டே. ஒரு ஷாட்டில் அம்மாவாக நடித்தவர் பேசி முடித்த பிறகும் அப்படியே நிற்கிறார், முகத்தை எங்கே திருப்புவது என்று தெரியாமல், யாராவது ‘கட்’ சொல்வார்களா என்று காத்திருப்பது போல. இத்தனை நாள் அதை மோசமான நடிப்பு என்று நினைத்திருந்தேன்.

செண்பகம், நீங்கள் சொன்ன முடிவுக் காட்சியை இந்தத் தடவை என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. நான்கு தடவை பார்த்தபோதும் என் கண் அங்கியிலேயே இருந்திருக்கிறது, அந்தக் குழந்தை படுத்திருப்பதைக் கவனிக்கவே இல்லை, அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. படத்தை விடப்போவதில்லை, ஆனால் இனிமேல் யாருக்காவது காட்டினால் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசாமல் காட்ட மாட்டேன். ‘பிளட் ஃபீஸ்ட்’ மீதியைப் பார்க்கப் போவதில்லை.

2011இல் பென் சோலவி என்ற இளைஞர் ‘மனோஸ்’ படத்தின் 16 எம்எம் பிரதி ஒன்றை வாங்கி, ரசிகர்களிடம் பணம் திரட்டிச் சுத்தப்படுத்தி, அது 2015இல் டிஸ்க்காக வந்தது. அதில் இருட்டு இருட்டாகவே, சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. சனிக்கிழமை தம்பியை உட்கார வைத்து, மேலே யாரும் பேசாத அந்தப் பதிப்பைப் போடப் போகிறேன். டூரிங், ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ ஞாயிற்றுக்கிழமைக்கு. ஹார்ட் டிஸ்க், கேப்டன் அலெக்ஸ் எங்கே பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.


ஹார்ட் டிஸ்க் எழுதியது:

யூடியூபில் அவர்களே போட்டிருக்கிறார்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துப் பாருங்கள்.